கோரிக்கை எண் ஒன்று

உட்காருங்கள் அண்ணாச்சி. தாராளமாக உட்காருங்கள். போன ஜூலையில் வந்திருந்தால் நீங்கள் இந்த காலேஜ் விடுதி ஹாலில் கால் கடுக்க நின்றிருப்பீர்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்க வருகிறவனுக்கு ஒரு பெஞ்சு கிடையாது இங்கே. இந்தப் பெஞ்சு, கோரிக்கை எண் ஒன்பது. தலைக்கு மேல் சுற்றுகிறதே, அந்த ஃபேன் எண் பத்து. மூலையில் குடிதண்ணீர் இயந்திரம் தெரிகிறதா, அது எண் நான்கு. ஒவ்வொரு மாடியிலும் ஒன்று இருக்கிறது. எல்லாம் நான் வாங்கிக் கொடுத்தது. ஆவுடையப்பன். நூல் மில் ஆவுடையப்பன் என்றால் சங்கரன்கோவில் பக்கம் தெரியும். நீங்கள் உடன்குடிக்காரர், தெரியாவிட்டால் தப்பில்லை.

நானும் மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். பரீட்சை முடிந்தது, நாற்பது நாள் லீவு. சீட்டு எழுதி உள்ளே அனுப்பியிருக்கிறேன். காவலுக்கு இருக்கிற மாரிக்கனி கொண்டுபோயிருக்கிறாள். அவள் நடக்கிற நடைக்கு அரை மணி நேரம் ஆகும். நாம் பேசிக்கொண்டிருப்போம்.

மகள் பெயர் மேதினி. மே மாதம் முதல் தேதி பிறந்தவள், அதனால் வைத்தது. எனக்கு நாற்பத்தாறு வயதில் பிறந்தாள். அதற்கு முன்னால் பிள்ளை பெற எங்கே நேரம் இருந்தது, மில் தொழிற்சங்கமே வீடாக இருந்தது. பிறவியிலேயே அவளுக்கு இரண்டு காலிலும் வலு கிடையாது. காலுக்கு இரும்புக் காலிபர் மாட்டி, அக்குளில் கட்டை ஊன்றி, சமதரையில் நன்றாகவே நடப்பாள். படி என்றால்தான் பாடு. கைப்பிடி இருந்தால் ஒரு மாதிரி ஏறுவாள். இல்லாவிட்டால் உட்கார்ந்து உட்கார்ந்து, பின்பக்கமாக, கையால் உந்தி ஏற வேண்டும். மற்றபடி மூளை என்றால் மூளை. புள்ளியியல் எடுத்திருக்கிறாள். அது என்ன படிப்போ, எனக்குத் தெரியாது. நான் எட்டாம் வகுப்பு. மீதியை எல்லாம் நோட்டீஸில் படித்தேன். வாசலில் பலகை வைத்து எம்.ஏ., பி.எச்டி. என்று வரிசையாகப் போட்டிருக்கிறார்களே, அவர்களில் ஒருவருக்கு ஒரு கண்டன நோட்டீஸ் எழுத வருமா, கேட்டுப் பாருங்கள்.

சொல்கிறேன். போன ஜூன் கடைசியில் இவளுக்கு ரூம் ஒதுக்கினார்கள். எங்கே? இரண்டாவது மாடியில். கட்டை ஊன்றி நடக்கிற பிள்ளைக்கு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது, படிக்குக் கைப்பிடியும் கிடையாது. நாற்பத்திரண்டு படி. அவளே எண்ணிச் சொன்னாள். மேலே இருக்கிற கழிப்பறை எல்லாம் குத்தவைத்து உட்காருகிறது, இவளால் முடியாது. கீழ்த்தளத்தில் ஒரு அறை சும்மா பூட்டிக் கிடக்கிறது. பக்கத்திலேயே வெஸ்டர்ன் டாய்லெட். வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வருகிற அம்மாக்கள் தங்குவதற்காம். வருஷத்தில் பத்து நாள் வருவார்கள். மீதி நாளெல்லாம் பல்லி குடியிருக்கும். முன்னே ஊனமுற்றோர் என்றார்கள், இப்போது மாற்றுத்திறனாளி என்கிறார்கள். பெயரை மாற்ற ஒரு துண்டுக் காகிதம் போதும். படியை மாற்ற மனசு வேண்டும். அது இந்த வர்க்கத்துக்கு இல்லை.

மேதினி போன் பண்ணினாள். "அப்பா, எனக்குக் கீழ உள்ள அந்த ஒரு ரூம் போதும். நான் லெட்டர் எழுதிக் குடுக்கேன். டாக்டர் சர்டிபிகேட் ஒண்ணு மட்டும் வாங்கி அனுப்புங்க. நீங்க வர வேண்டாம்."

நீங்க வர வேண்டாமாம். முப்பத்தோரு வருஷம் மில் முதலாளியை முழி பிதுங்க வைத்தவனைப் பார்த்துப் பதினெட்டு வயசுப் பிள்ளை சொல்லுகிறது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. லெட்டர் எழுதிக் கெஞ்சி வாங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்றேன். மறுநாள் காலையில் அச்சகத்துக்குப் போய்விட்டேன். ஆயிரம் நோட்டீஸ். பதினான்கு கோரிக்கை.

ஏன் பதினான்கு என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி. இதெல்லாம் எந்தக் காலேஜிலும் சொல்லித்தர மாட்டான், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கோரிக்கையைக் கொண்டுபோய் வைத்தால் நிர்வாகம் என்ன செய்யும்? முடியாது என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். பத்து வைத்தால்தான் பேச உட்காருவான். அதிலும் முதல் கோரிக்கையை மலையளவு வைக்க வேண்டும். ஏனென்றால் கடைசிச் சுற்றில் நாம் விட்டுக்கொடுக்கப் போவது அதைத்தான். "முதல் கோரிக்கையையே முறியடித்துவிட்டோம்" என்று அவன் முதலாளியிடம் போய்ச் சொல்லிக்கொள்ள வேண்டும் இல்லையா? அவனுக்கு மானம் காப்பாற்றிக் கொடுத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் நாம் சுருட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும். தொண்ணூற்றெட்டு ஸ்டிரைக்கில் எங்கள் முதல் கோரிக்கை, மில்லை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்பது. நடக்குமா? நடக்காது. விட்டோம். போனஸ், கேண்டீன், கேட்டில் சோதனை போடுகிறதை நிறுத்துவது, எல்லாம் வந்தது. அப்படி எத்தனை ஒப்பந்தம். கை பழகிப்போய்விட்டது.

அந்த ஸ்டிரைக் கமிட்டி எங்கே உருவாயிற்று தெரியுமா? எங்கள் வீட்டு வாசற்படியில். மூன்று படி. பெரிய படி, ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். அதில் மேல்படியில் நின்றுதான் நான் பேசுவேன், தெரு முழுக்க ஆள். போலீஸ் தடியடி நடத்தினபோது இரண்டாவது படி மூலை உடைந்தது. அந்த உடைசல் இன்னும் அப்படியே இருக்கிறது. பூசவிடவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கொத்தனார் வந்த சமயம் என் வீட்டுக்காரி முப்பிடாதி, "ஏங்க, ஒரு மூட்டை சிமிண்டுல சரிவு போட்டுரலாம், புள்ள ஏறி இறங்க லேசா இருக்கும்" என்றாள். ஏன்டி, இது வெறும் படியா, இயக்கத்தின் சரித்திரம் என்றேன். அவளுக்கு எங்கே விளங்கப் போகிறது. அவள்தான் பிள்ளையைத் தூக்கி ஏற்றுவாள், இறக்குவாள். பழக்கம்தான். இப்போது ஒரு வருஷமாக இடுப்பு வலி என்று பெல்ட் மாட்டிக்கொண்டு திரிகிறாள்.

கொல்லையில் கக்கூஸ் இருக்கிறது, அதுவும் பழைய மாதிரிதான். நான் சும்மா விடவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை நடுவில் வட்டமாக அறுத்து, கழிப்பறைக்கு மேலே வைத்து, நானே செய்து கொடுத்தேன். தொழிலாளி மூளை. ஒரு கால் லேசாக ஆடும், அவ்வளவுதான். இரண்டு தடவை விழுந்தாள், அது அவளுடைய அவசரம்.

இன்னொன்று சொல்கிறேன், சிரிப்பீர்கள். ஆறாம் வகுப்பு படிக்கும்போது இந்தப் பிள்ளை எனக்கே ஒரு மனு கொடுத்தது. கோடு போட்ட நோட்டில் தாளைக் கிழித்து, பெறுநர், அனுப்புநர் எல்லாம் முறையாகப் போட்டு. "வாசல் படியில் சரிவு வேண்டும்" என்று. பதினோரு வயசில் மனு எழுதுகிறாள், என் ரத்தம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்பு மையில் இரண்டு பிழையைத் திருத்தினேன். கீழே, "கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன், நிர்வாகம் எழுதுமே அந்த மாதிரி. சங்க ஆபீஸில் எல்லாருக்கும் காட்டிச் சிரித்தோம். "எந்த மனுவானாலும் நகல் வச்சுக்கோ, அதுதான் ஆயுதம்" என்று அன்றைக்குத்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

எங்கே விட்டேன்? நோட்டீஸ். ஆமாம். மில்லில் என்னோடு இருந்த நாலு தோழர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நாலு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது. ஒருவருக்குப் பஞ்சுத்தூசி நெஞ்சில் ஏறி ஓயாத இருமல், அவருக்குக் கோஷத்தில் பாதிதான் வரும். பரவாயில்லை. இந்த கேட்டுக்கு வெளியே சாமியானா போட்டு மூன்று நாள் தர்ணா. படிக்கிற பெண்பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும். செல்போனில் படம் பிடிக்கும். இவர்களுக்குத்தான் இந்தத் தண்ணீரும் ஃபேனும்.

மேதினி? வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பன் பந்தலில் உட்கார்ந்திருக்கிறான், அவள் பந்தலுக்கு வரவில்லை. காலையில் அந்த நாற்பத்திரண்டு படியையும் உட்கார்ந்தே இறங்கிவருவாள். சுடிதார் பின்பக்கம் எல்லாம் அழுக்கு. சாயங்காலம் அதே மாதிரி மேலே. கழிப்பறைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். வகுப்பு நடக்கிற கட்டடத்தில் ஒரு வெஸ்டர்ன் இருக்கிறதாம், அது நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்களாம். அதனால் மத்தியானத்துக்கு மேல் தண்ணீரே குடிக்கிறதில்லை என்றாள். முட்டாள்தனம். "ஏட்டி, அதுக்குத்தானே கோரிக்கை எண் நாலு போட்டிருக்கேன், மாடிக்கு மாடி சுத்தமான குடிதண்ணி" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கட்டையை ஊன்றித் திரும்பி நடந்தாள்.

மூன்றாம் நாள் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். துணை வார்டன் ஜெசிந்தா என்று ஒரு அம்மா. கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேனா. நிர்வாகத்துக்கு என்று பிறந்த முகம். மேதினியையும் உட்கார வைத்திருந்தார்கள். பதினான்கையும் ஒவ்வொன்றாக வாசித்தேன். அந்த அம்மா முதலாவதை விட்டு மற்ற ஒவ்வொன்றுக்கும் சரி, சரி என்று டிக் போட்டுக்கொண்டே வந்தார். எனக்கே ஆச்சரியம். கடைசியில் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சார், பெஞ்சு, ஃபேன், தண்ணி, பேப்பர், வாரம் ஒரு முட்டை, எல்லாம் பண்ணிரலாம். அந்த முதல் கோரிக்கை, கெஸ்ட் ரூம், அது மட்டும் இந்த வருஷம் கொஞ்சம் சிரமம். பிரின்சிபால் கிட்ட பேசணும்."

பார்த்தீர்களா? நான் சொன்ன அதே இடம். முப்பத்தோரு வருஷமாக நான் பார்த்த அதே இடம். நான் என்ன செய்தேன், அவசரப்படவில்லை. டீயைக் குடித்தேன். துண்டை எடுத்து வாயைத் துடைத்தேன். "நிர்வாகத்தின் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம். முதல் கோரிக்கையை அடுத்த கட்டத்துக்கு ஒத்திவைக்கிறோம்" என்றேன்.

"அப்பா" என்றாள் மேதினி.

"இரு."

"அப்பா, எனக்கு அது ஒண்ணுதானப்பா."

பேச்சுவார்த்தை மேஜையில் நம் தரப்பு இரண்டு குரலாகப் பேசக் கூடாது. அது அரிச்சுவடி. "வெளிய போய்ப் பேசிக்கிடலாம்" என்று அடக்கினேன். அந்த ஜெசிந்தா அம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சார், நிச்சயமாவா? நான் பேசிப் பாக்கேன்னுதான் சொன்னேன்" என்றார். இது ஒரு தந்திரம். நம்மைக் குழப்புகிறதற்கு. நான் மசியவில்லை. ஒப்பந்த வாசகத்தை நானே சொல்லச் சொல்ல எழுதினார்கள். கடைசி ஷரத்து, நாங்கள் எப்போதும் போடுகிறது: நடப்பு ஆண்டு முழுவதும் இந்த உடன்பாடு செல்லும், அதுவரை மாணவி தரப்பில் வேறு கோரிக்கை எழுப்பப்படாது. இப்படி ஒரு வரி இருந்தால்தான் ஒப்பந்தத்துக்கு ஒரு மரியாதை. மாணவி சார்பில் என்று போட்டுக் கையெழுத்து வைத்தேன்.

பதினான்கில் பதின்மூன்று. வெளியே வந்ததும் தோழர்கள் எனக்குத் துண்டு போர்த்தினார்கள். மேதினியிடம் உத்தியை விளக்கிச் சொன்னேன், தொண்ணூற்றெட்டைப் பற்றி, அந்த மேல்படியைப் பற்றி. கட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா, நீங்க கிளம்புங்க" என்றாள். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

எங்கே விளங்கிற்று. ஆகஸ்டில் தனியாகப் போய் ஒரு லெட்டர் கொடுத்திருக்கிறாள். அந்த அம்மா ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டி, உங்க அப்பா இப்படிக் கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அது சட்டப்படி சரி. நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்டோபரில் காய்ச்சல். குளிர் நடுக்கம், முதுகு வலி. தண்ணீர் குடிக்காமல் சிறுநீரகத்தில் கிருமி ஏறிவிட்டதாம். ஐந்து நாள் ஆஸ்பத்திரி. முப்பிடாதி இங்கேயே வந்து கிடந்தாள். எனக்கு அன்றைக்குப் பார்த்து மாவட்டக் கூட்டம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் பிரின்சிபாலுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறாள் பாருங்கள். எனக்கு மனப்பாடம். "ஐயா, கீழ்த்தள விருந்தினர் அறை எனக்கு வேண்டும். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். அந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டவர் என் தந்தை. நாற்பத்திரண்டு படி ஏறுகிறவள் நான்."

நாலு வரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒன்று இருக்கிறதே, இரண்டாயிரத்துப் பதினாறாம் வருஷத்தது, அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்டிக்கிறோம் இல்லை, எச்சரிக்கிறோம் இல்லை. அதைவிட, சங்கம் போட்ட கையெழுத்தை மீறி, தனியாளாகப் போய் நிர்வாகத்திடம் பேசி வாங்குகிறவனுக்கு எங்கள் மில்லில் ஒரு பெயர் உண்டு. பெற்ற பிள்ளையை அப்படிச் சொல்லக் கூடாது. கருங்காலி. நாலே நாளில் ரூம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஜெசிந்தா அம்மாவே வாளியையும் படுக்கையையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாராம். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் அடித்துக் கொடுத்தார்களாம். பரிதாபப்பட்டுக் கொடுத்தது, அண்ணாச்சி. உரிமை வேறு, பிச்சை வேறு. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "முதல் கோரிக்கையும் வென்றது" என்று ஐந்நூறு நோட்டீஸ் அடித்து ஊரில் கொடுத்தேன்.

தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. படிப்பு இருக்கிறது என்றாள். படிக்கட்டும். இந்த லீவுக்கு வந்துதானே ஆக வேண்டும், விடுதியைப் பூட்டிவிடுவார்கள். வருகிற மே முதல் தேதி அவளுக்குப் பத்தொன்பது. அன்றைக்கு நம் வாசலில்தான் கொடி ஏற்றம். அவளை மேல்படியில் உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம் என்று இருக்கிறேன். கல்வி நிலையத்தில் நடந்த போராட்டம் என்ற தலைப்பில்.

வாம்மா மாரிக்கனி, என்ன தனியாக வருகிறாய்? பெட்டி எங்கே?

"புள்ள வருது சார். நீங்க முதல்ல இதைப் படிக்கணுமாம். குடுத்துவிட்டுச்சு."

என்ன இது. ரெண்டு தாள். கண்ணாடியை எடுக்கிறேன், இருங்கள். உங்களுக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கிறேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது.

"பெறுநர், துணை வார்டன் அவர்கள். விடுமுறை நாற்பது நாளும் என் அறையிலேயே தங்க அனுமதி வேண்டுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் உள்ளன. கைப்பிடி இல்லை. கழிப்பறையை நான் தனியாகப் பயன்படுத்த முடியாது. என்னைத் தூக்கி இறக்கும் அம்மாவுக்கு முதுகெலும்பு தேய்ந்துவிட்டது. இணைப்பு: இதற்காக ஏழு ஆண்டுகளுக்கு முன் வீட்டில் கொடுத்த மனுவின் நகல், பதிலுடன்."

கீழே பச்சை மையில், அனுமதிக்கப்படுகிறது. ஜெசிந்தா.

ரெண்டாவது தாள். கோடு போட்ட தாளைத்தான் நகல் எடுத்திருக்கிறாள். சிவப்பு மை கறுப்பாக விழுந்திருக்கிறது. இது என் கையெழுத்துதான். கோரிக்கை பரிசீலனையில் உள்ளது. ஆவுடையப்பன், தலைவர்.

நகல் வைத்திருக்கிறாள் பாருங்கள். நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

என்ன அண்ணாச்சி, அப்படிப் பார்க்கிறீர்கள்? ஒன்றும் இல்லை, ஃபேன் காற்றில் தாள் ஆடுகிறது. அந்தக் கட்டைச் சத்தம் கேட்கிறதா, அவள்தான். சமதரையில் நல்ல வேகம். வரட்டும், பேசித் தீர்த்துக்கொள்ளலாம், நான் பேசாத பேச்சா. ஆனால் பாருங்கள், இதிலும் அதே தப்பு. ஒரே ஒரு கோரிக்கை. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேச உட்கார்ந்தால், கடைசியில் நான் எதை விட்டுக்கொடுக்கச் சொல்லுவது?